இருபத்திரண்டு ஆடுகள்

5

அருண்பாண்டியன் ஏழு முறை குரூப் ஃபோர் எழுதி ஏழு முறையும் தோற்றவன். ஆகவே பரீட்சை வைத்துப் பிழைக்கிறவர்கள் என்றாலே அவனுக்கு ஒரு கசப்பு கிளம்பும். அந்தக் கசப்பை அடக்கிக்கொண்டு, காலை எட்டு மணிக்கு, அருப்புக்கோட்டையில் மதுரை ரோட்டு வாடகை மாடி ஒன்றில், அப்படிப்பட்ட ஒருவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

வாசலில் போர்டு. 'கற்றல் அடைவு அளவீட்டியல் உயராய்வு நடுவம்.' படித்து முடிப்பதற்குள் காரியாபட்டி பஸ் போய்விடும். அதன் இயக்குநர் முனைவர் சங்கர், பித்தளைச் சாமானைத் துலக்கி அடுக்குவது போல ஒவ்வொரு சொல்லையும் துலக்கித்தான் வெளியே வைப்பார்.

"பதினான்காவது வினா. 'ஒரு பட்டியில் 32 ஆடுகள் இருந்தன. 9 ஆடுகளை விற்றுவிட்டால் மீதி எத்தனை?' நான்கு விடைகள். சரியானதன் எதிரே உள்ள வட்டத்தைப் பென்சிலால் கருப்பாக்க வேண்டும்."

"இருபத்திமூணு," என்றான் அருண்.

"நன்று. நீங்கள் நான்காம் வகுப்பில் தேறிவிட்டீர்கள்."

"என்னைத் தேறிட்டேன்னு சொன்ன முதல் ஆளு நீங்கதான் சார்."

முனைவர் சிரிக்கவில்லை. சிரிப்பை எந்த அலகில் அளப்பது என்று தெரியாதவர் அவர்.

"மாநிலம் முழுக்க முந்நூறு பள்ளிகளில் என் சோதனை நடந்தது. பிள்ளைகள் தவறு செய்கிறார்கள். ஆனால் ஆளுக்கொரு தவறு. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் பன்னிரண்டு பள்ளிகளில் மட்டும் பத்துக்கு ஒன்பது பிள்ளை 22 என்று கருப்பாக்கியிருக்கிறது. எல்லோரும் சரியாக எழுதினால் அது படிப்பு. எல்லோரும் ஒரே மாதிரி தவறாக எழுதினால் அது திருட்டு. இது அளவீட்டியலின் அரிச்சுவடி."

அருணுக்கு எரிச்சலாக இருந்தது. அந்த ஆள் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் காரணம். ஏழு பரீட்சையிலும் அவன் போட்ட தவறுகள் அவனுடைய சொந்தத் தவறுகள். பக்கத்து பெஞ்சுக்காரன்கூடப் பங்கு கேட்க முடியாது.

"முதல் சோதனை வெள்ளையூரணியில். அங்கே ஆசிரியை கனகலட்சுமி. அவர்தான் தப்பான விடையைத் தயாரித்து மற்ற பதினொரு பள்ளிகளுக்கும் அனுப்பியிருக்கிறார். மெமோ கொடுத்தாயிற்று. இன்று பன்னிரண்டு மணிக்குத் திருச்சுழியில் விசாரணை. நிரூபித்தால் சஸ்பென்ஷன். எந்தப் போனில், யார் மூலம் அனுப்பினார் என்பதை மட்டும் நீங்கள் கண்டுபிடித்தால் போதும். வெள்ளிக்கிழமை சென்னையில் என் அறிக்கை வெளியீடு."

அருணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சண்முகவடிவு இப்போதுதான் வாய் திறந்தார். ஐம்பத்திரண்டு வயது, துப்பறியும் தொழிலில் இருபது வருஷம், பெரும்பாலும் கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா என்பதை மாப்பிள்ளையைப் பெற்றவளிடமே கேட்டு உண்மையான பதிலோடு திரும்பி வரும் அக்கா அவர். அருண் அவரிடம் சேர்ந்து நாலு வருஷம்.

"சோதனைய நடத்துனது யாரு சார்?"

"எங்கள் களப் பணியாளர் மாரிக்கண்ணன். பன்னிரண்டு பள்ளியும் அவர் ஒருவரே. ஆறே நாளில் முடித்தார்." கதவோரம் ஃபைலை அணைத்துக்கொண்டு நின்ற ஒல்லியான ஆள், பாராட்டு வாங்கும் பிள்ளை மாதிரி நெளிந்தார்.

"சரியான விடை எதுன்னு இவருக்குத் தெரியுமா?"

"விடைக்குறிப்பு என் பெட்டியில் மட்டும்தான். களப் பணியாளர்களுக்கே காட்டுவதில்லை. பரம ரகசியம்."

"முப்பத்திரெண்டுல ஒம்பது போனா எம்புட்டுங்கிறது பரம ரகசியமா சார்?"

முனைவரின் முகத்தில் ஒரு பித்தளைச் சொம்பு நசுங்கியது. சண்முகவடிவு அதைக் கண்டுகொள்ளாமல் பன்னிரண்டு பள்ளிகளின் பட்டியலையும் தலைமையாசிரியர்களின் போன் நம்பரையும் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

*

திருச்சுழி தாண்டியதும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சீமைக்கருவேல். நடுநடுவே கரி மூட்டத்துப் புகை. அருணின் பைக்கும் தன்னால் முடிந்த புகையைச் சேர்த்தது.

வெள்ளையூரணிப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே பஸ் நிழற்குடை. அதில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை, கண்ணில் கொலைவெறி. கனகலட்சுமி டீச்சர் அவர்தான் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

"அந்தாளு அனுப்புன ஆளுகதான நீங்க?"

"ஆமா டீச்சர். ஆனா..." என்று ஆரம்பித்தான் அருண்.

"ஆனாவும் வேணாம் ஆவன்னாவும் வேணாம். வந்த வழியப் பாருங்க."

சண்முகவடிவு பக்கத்தில் உட்கார்ந்தார். "இங்க எதுக்கு உக்காந்திருக்கீக?"

"வேற எங்க உக்கார? பதினேழு நாளா வகுப்புக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு ஆர்டரு. பிள்ளைகளோட பேசக் கூடாது. கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வந்துறணும். எட்டு மாசமா காரியாபட்டியிலருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வாரேன். கழித்தல்ல கடன் வாங்கத் தெரியாத பிள்ளைகள இப்பத்தான் ஒரு வழிக்குக் கொண்டாந்தேன். இப்ப அதுக சன்னல் வழியா என்னைய வேடிக்கை பாக்குதுக. நேத்து ஒரு பிள்ளை, 'டீச்சர் என்ன திருடுனீக?'ன்னு கத்திக் கேக்குது. பதில் சொல்லக்கூட எனக்கு அனுமதி இல்ல."

"சோதனை அன்னைக்கு நீங்க உள்ள இருந்தீகளா?"

"என்னைய வெளிய நிப்பாட்டிட்டுத்தான் அந்த மாரிக்கண்ணன் நடத்துனாரு. ஆளுக்கொரு மஞ்சப் பென்சில் குடுத்தாரு. எழுதி முடிச்சா அது பிள்ளைகளுக்கே சொந்தமாம். உங்க நடுவத்துப் பேரு அதுல ஒரு சாண் நீளத்துக்கு அடிச்சிருக்கு. பென்சில் சீவச் சீவப் பேரு குறையுது, அது ஒண்ணுதான் எனக்குச் சந்தோசம்."

"டீச்சர், கோவிச்சுக்காதீக," என்றான் அருண். "முப்பத்திரெண்டுல ஒம்பது போனா..."

"இன்னொரு தடவ கேட்டீகன்னா செருப்பு பிஞ்சிரும். நான் திருட்டுத்தனமாச் சொல்லிக்குடுக்கிறவளா இருந்தா, சரியான விடையச் சொல்லிக்குடுக்கத் தெரியாதா எனக்கு? திருடிங்கிறதக்கூடப் பொறுத்துக்கிடுவேன். கழித்தல் தெரியாத திருடின்னு எழுதியிருக்கான்யா அந்த மெமோவுல!"

"பிள்ளைகளை நாங்க கேட்டுப் பாக்கவா?" என்றார் சண்முகவடிவு.

"கேளுங்க. நான்தான் சொல்லிக்குடுத்துப் பேச வச்சேன்னு அதையும் எழுதட்டும்."

சண்முகவடிவு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். "அப்பப் பிள்ளைக வேணாம். ஏலே அருணு, ஆடு எங்க மேயுதுன்னு பாரு."

*

கண்மாய் வறண்டு பாளம் பாளமாகக் கிடந்தது. உள்ளே ஓர் ஆட்டுக் கூட்டம். துரட்டிக்கம்பால் கருவேலங்காயை உலுப்பிக்கொண்டிருந்த ஆள், இவர்களைக் கண்டதும் துரட்டியை வேல்கம்பு போல நிமிர்த்திப் பிடித்தார். பெயர் மாரிச்சாமி என்பது பிறகுதான் தெரிந்தது. முதலில் தெரிந்தது குரல்.

"எந்த லோனுக்கு வந்திருக்கீக? நான் எந்த லோனும் வாங்கல!"

"லோனு இல்ல அண்ணாச்சி. சும்மாதான். உருப்படி எத்தன நிக்கிது?"

"முப்பத்தாறு. கேட்டாச்சுல்ல? நடையக் கட்டுங்க."

அருண் விரலை நீட்டி, ஒவ்வொரு தலையாக எண்ணினான். மாரிச்சாமிக்கு ரத்தம் தலைக்கேறியது.

"ஏலே, விரல மடக்குலே! மடக்குலேங்கிறேன்!"

"அக்கா, பொய் சொல்றாரு. முப்பத்தேழு நிக்கிது."

"யாருலே பொய் சொல்றா?" துரட்டி அருணின் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. "அந்தா நிக்கிதுல்ல, கழுத்துல சிவப்புத் துணி கட்டுன கருப்புக் கிடா? அது சாமிக்கு நேந்துவிட்டது. சாமி உருப்படிய எவனாச்சும் தன் கணக்குல சேப்பானா? எங்க ஊருல பட்டிக்கு ஒண்ணு நிக்கும். அத எண்ணவும் மாட்டோம், விக்கவும் மாட்டோம். எண்ணுனா பட்டி விளங்காது. பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும் இது."

சண்முகவடிவின் குரல் வெண்ணெயானது. "அது சரி. அண்ணாச்சி, ஒரு சந்தேகம். வெளியூர்க்காரன் ஒருத்தன் உங்க ஊருப் பட்டியில தலைய எண்ணிட்டு முப்பத்திரெண்டுங்கிறான். ஒம்பத வித்தாச்சு. மீதி எம்புட்டு?"

"இருபத்திரெண்டு." யோசிக்கவே இல்லை. "சாமியத நீக்கித்தான சொல்லணும்? இதுகூடவா தெரியாம டவுனுல இருக்கீக?"

அருண் துள்ளினான். "அக்கா! முடிஞ்சிருச்சு! பிள்ளைக காப்பி அடிக்கல. ஆட்டுக் கணக்கச் சரியாத்தான் போட்டிருக்குதுக. வாங்க, அந்த முனைவரு மூஞ்சியில கொண்டுபோயி..."

"பொறு." சண்முகவடிவு மாரிச்சாமியிடம் திரும்பினார். "பக்கத்து ஊருலயும் இப்படித்தானா அண்ணாச்சி?"

"அங்கயா?" மாரிச்சாமி காறித் துப்பினார். "அவுக எல்லாத்தையும் எண்ணுவாக. மானங்கெட்டவுக. இந்த வழக்கம் எங்க ஊரோட சரி."

சண்முகவடிவு பட்டியலை விரித்தார். "மத்த பதினொரு பள்ளிக்கூடத்தப் பாரு அருணு. ஒண்ணு திருச்சுழிக் கடைவீதியில இருந்து வார பிள்ளைக படிக்கிறது."

அருணின் துள்ளல் பாதியில் நின்றது. "அதுக ஆட்டைப் பாத்ததே பிரியாணியிலதான்."

"அதுகளும் இருபத்திரெண்டுன்னுதான் போட்டிருக்கு."

அருண் பட்டியலை வாங்கிப் பார்த்தான். இந்த விடை இந்த ஊரைத் தவிர வேறு எங்கும் முளைக்காது. அப்படியென்றால் இங்கிருந்துதான் மற்ற பதினொரு இடத்துக்கும் போயிருக்கிறது. முனைவர் சொன்னது அதைத்தானே?

"அக்கா, டீச்சரக் காப்பாத்தப் போயி நம்மளே கயிறு திரிச்சுக் குடுத்துட்டோம். இந்தக் கிடாயப் பத்தி வெளிய சொன்னா, விடை கனகலட்சுமி வகுப்புல இருந்துதான் போச்சுன்னு நம்மளே சாட்சி சொன்ன மாதிரி ஆகிரும்."

"விடை போயிருக்கு. யாரு தூக்கிட்டுப் போனாங்கிறதுதான் பாக்கி. அந்தப் பதினொண்ணுல முதப் பள்ளிக்கூடத்துக்குப் போனப் போடு. சோதனை நடந்துச்சான்னு கேளு."

அருண் ஸ்பீக்கரில் போட்டான். மறுமுனையில் தங்கசாமி என்ற தலைமையாசிரியர். "சோதனையா? நடந்துச்சு, நடந்துச்சு. சிறப்பா நடந்துச்சு. கையெழுத்துப் போட்டு சீல் வச்சுக் குடுத்திருக்கோம்ல? பெறகென்ன?" டொக்.

"பாத்தீகளா? நடந்திருக்கு."

"நடந்துச்சான்னு கேட்டா எந்த ஹெச்செம்மும் நடந்துச்சுன்னுதான் சொல்லுவாரு. கையெழுத்துப் போட்டாச்சே. அந்த நம்பரச் சொல்லு." சண்முகவடிவு தன் போனிலிருந்து அதே நம்பரை அழுத்தினார். இந்த முறை அவர் குரலில் ஓர் அலுவலகமே குடியேறியிருந்தது. "வணக்கம் சார். அளவீட்டு நடுவத்துல இருந்து பேசுறோம். சோதனைக்காக உங்க பள்ளிக்குக் குடுத்த முப்பது மஞ்சப் பென்சிலையும் ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்தி, நகல் அனுப்பணும். இல்லேன்னா ஆடிட்ல உங்க பேர்ல நிக்கும்."

மறுமுனையிலிருந்து கண்மாய்க்கரை அதிர ஓர் அலறல். "பென்சிலா! எந்தப் பென்சில்? எவன் குடுத்தான்? ஒரு பென்சிலும் வரல! உங்க ஆளு வந்தாரு, வெராண்டாவுல நின்னாரு, கையெழுத்து வாங்குனாரு, அஞ்சு நிமிசத்துல போயிட்டாரு! பிள்ளைக மூஞ்சியக்கூட அவரு பாக்கல! வாங்காத சாமான என் தலையில கட்டாதீக, ஆமா!"

நடக்காத பரீட்சையை நடந்தது என்று எழுதிக்கொடுக்கத் தயங்காத மனிதர். வராத பென்சிலை வந்தது என்று சொல்ல மட்டும் உயிரே போனாலும் சம்மதிக்கமாட்டார். சண்முகவடிவு வரிசையாகப் பத்து போன் போட்டார். பத்து அலறல்.

மாரிச்சாமி துரட்டியைத் தாழ்த்தியிருந்தார். "பென்சிலுக்கா இந்தக் கத்துக் கத்துறாக?" என்று கேட்டுவிட்டு, ஆடுகளை இவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி ஓட்டிக்கொண்டு போனார்.

*

பன்னிரண்டு மணி. திருச்சுழி அலுவலக அறையில் ஃபேன் சத்தம் காற்றைவிட அதிகம். மேசைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி கோகிலாம்பாள். ஒரு பக்கம் முனைவர் சங்கர், அவருக்குப் பின்னால் ஃபைலோடு மாரிக்கண்ணன். மறுபக்கம் கனகலட்சுமி, யாரையும் பார்க்காமல்.

"எங்கள் துப்பறிவாளர் வந்துவிட்டார்," என்றார் முனைவர். "வெள்ளையூரணியிலிருந்து விடை எப்படிப் பரவியது என்பதை அவரே விளக்குவார்."

"விளக்குறேன் சார். விடை அங்க இருந்துதான் பரவியிருக்கு."

கனகலட்சுமி தலையைத் திருப்பி சண்முகவடிவைப் பார்த்த பார்வையில் பச்சைக் கருவேலமும் பற்றிக்கொள்ளும். முனைவர் கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

சண்முகவடிவு சாமி கிடாயைப் பற்றிச் சொன்னார். கோகிலாம்பாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கனகலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டார். எட்டு மாசமாக அந்தச் சிவப்புத் துணிக் கிடா பள்ளிக்கூடத்து வேலியில் உரசிக்கொண்டுதான் திரிந்திருக்கிறது.

"ஆக, பரவியது உண்மை!" என்றார் முனைவர்.

"உண்மைதான். மாரிக்கண்ணன் அண்ணே, பாக்கிப் பதினொரு பள்ளிக்கூடத்துப் பென்சிலு எங்க இருக்கு?"

ஃபைல் கீழே விழுந்தது. குனிந்து எடுத்த மாரிக்கண்ணன் நிமிரவே இல்லை. குனிந்தபடியே பேசினார்.

"லாட்ஜுல... கட்டிலுக்கு அடியில." 

"அங்கே ஏன் வைத்தாய்?" என்றார் முனைவர்.

"ஆறு நாளுல பன்னெண்டு பள்ளிக்கூடம்னீக. பஸ்ஸு போகாத ஊரு பாதி. முதப் பள்ளிக்கூடத்துல நெசமாவே நடத்துனேன் சார், சத்தியமா. பெறகு கையெழுத்த மட்டும் வாங்கிக்கிட்டு வந்து, லாட்ஜுல உக்காந்து நானே வட்டத்தக் கருப்படிச்சேன். வெள்ளையூரணிப் பிள்ளைக இருபத்தாறு பேரு தாளையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, அங்கொண்ணும் இங்கொண்ணும் மாத்தி... முந்நூத்திச் சொச்சம் தாளு சார். வெரலு வீங்கிப்போச்சு."

"சரியான விடையையாவது போட்டிருக்கலாமே!" முனைவருக்கு எது குற்றம் என்பதிலேயே குழப்பம் வந்துவிட்டது.

"விடைக்குறிப்பு ரகசியம்னு நீங்கதான குடுக்கல? பிள்ளைக பூராம் இருபத்திரெண்டு போட்டிருந்துச்சு. அம்புட்டுப் பிள்ளையும் தப்பாவா போடும்னு நம்பிப் போட்டேன்."

"முப்பத்திரண்டில் ஒன்பது போனால் எவ்வளவு என்று உனக்கே தெரியாதா?"

"கேள்விய நான் படிக்கவே இல்லையே சார்."

அருண் வாயைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"சார்," என்றார் சண்முகவடிவு மெதுவாக. "மாநிலம் பூராம் முந்நூறு பள்ளிக்கூடம்னீக. மத்த இடத்துல நடத்துனவுகளுக்கும் இப்படித்தான் நாளு குறிச்சுக் குடுத்தீகளா?"

முனைவரின் கை போனைத் தேடிச் சட்டைப்பைக்குப் போனது. எடுத்தார், பார்த்தார், யாரை முதலில் கூப்பிடுவது என்று தெரியாமல் திரும்ப வைத்தார். பிறகு ஒருவாறு தன்னைத் திரட்டிக்கொண்டு கோகிலாம்பாளிடம் பேசினார்.

"இதைப் பெரிதாக்க வேண்டாம் மேடம். இந்தப் பன்னிரண்டு பள்ளிகளையும் பொருந்தாத தரவு என்று அறிக்கையிலிருந்து நீக்கிவிடுகிறேன். புகாரையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். யாருக்கும் சேதமில்லை."

"பதினொண்ணு," என்றார் கனகலட்சுமி. உள்ளே வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் சொல் அது.

"என்னம்மா?" என்றார் முனைவர்.

"பதினொரு பள்ளிக்கூடத்த எடுங்க. எம் பள்ளிக்கூடத்து மேல கை வைக்கக் கூடாது. எம் பிள்ளைக ஒரு மணி நேரம் உக்காந்து தானா எழுதுனதுக."

"உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன். 22 தவறான விடை. உங்கள் பள்ளியின் சராசரி விழும்."

"விழட்டும். தப்புன்னே போடுங்க. வேற யாரும் போட்டுக் குடுக்காத தப்பு, அதுக சொந்தத் தப்பு. கேள்வித்தாள்ல ஆடு வந்தா சாமியதையும் சேத்து எண்ணணும்னு சொல்லிக்குடுக்கிறது என் வேலை. அதச் செய்யத்தான் என்னைய உள்ள விட மாட்டேங்கிறீக." அவர் கோகிலாம்பாளிடம் திரும்பினார். "புகார வாபஸ் வாங்குனதா எழுதாதீக மேடம். பொய்ப் புகார்னு எழுதுங்க. அவரு கையெழுத்துப் போடட்டும்."

கோகிலாம்பாள் எழுதினார். தாளை முனைவர் பக்கம் நகர்த்தி, மேலே ஒரு பேனாவையும் வைத்தார். முனைவர் கோட்டுப் பையில் கண்ணாடியைத் தேடினார். அது அவர் மூக்கிலேயே இருந்தது. கையெழுத்து விழுந்தது.

"நான் எப்ப வகுப்புக்குப் போகலாம்?"

"இப்பவே போங்க டீச்சர்," என்றார் கோகிலாம்பாள். "யாரும் தடுக்கமாட்டாங்க."

கனகலட்சுமி கடிகாரத்தைப் பார்த்தார். மதியப் பாடம் இரண்டு மணிக்கு. வெள்ளையூரணி பஸ் மூன்றரைக்குத்தான். எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையை நீட்டினார்.

முனைவர் முகம் மலர்ந்தது. பெருந்தன்மையோடு எழுந்து தானும் கையை நீட்டினார். "தவறு மனித இயல்பு அம்மா. இந்த அனுபவம் நம் இருவருக்கும் ஒரு..."

"உங்க கை எனக்கு எதுக்கு?" கனகலட்சுமியின் கண் அருண்பாண்டியன் மேல் இருந்தது. "வண்டிச் சாவியக் குடுங்க."

அருண் கொடுத்தான். கேள்வி கேட்கிற தைரியம் அவனுக்கு இல்லை. ஒரு நிமிஷத்தில் வெளியே அவனுடைய பைக் உறுமிக் கிளம்பி, நரிக்குடி ரோட்டில் புகையைக் கக்கிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. முனைவரின் கை இன்னும் மேசைக்கு மேலே நீண்டபடியே நின்றது.